மிளகாய்த் தூளை இணையவழி விற்றல்: தொடங்குமுன் அறியவேண்டியவை

"உழுகிறவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது" என்பது நம் முன்னோர் வாக்கு. தோட்டத்திற் படும் பாட்டுக்கு ஏற்ற ஊதியங் கிடைப்பதில்லை என்னும் மனக்குறையே இவ்வாக்கிற் பேசுகின்றது. ஆனால், விளைவித்த பொருளைத் தாமே விற்க முற்படுங் கமக்காரர் இதனைத் துணையாகக் கொள்ளலாகாது. கணக்குப் பாராது விற்பவனுக்கு உழக்கு மட்டுமன்று, விதைநெல்லும் மிஞ்சாது.

2020 ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் நாடெங்கும் ஊரடங்கு நடைமுறைக்கு வந்தபோது சந்தைகள் மூடப்பட்டன. தோட்டத்தில் விளைந்தவை தோட்டத்திலேயே அழுகின. அந்நாட்களிற் கைத்தொலைபேசி மூலம் கட்டளை பெற்று, வீட்டு வாயிலிற் பொருளைக் கொண்டுபோய்க் கொடுக்கும் வழக்கம் நம்மவரிடையே விரைந்து பரவிற்று. இன்று யாழ்ப்பாணத்துச் சிற்றூரொன்றில் அரைத்த சரக்குத் தூளைக் கொழும்பிலும் கண்டியிலும் உள்ளார் தம் வீட்டிலிருந்தே வாங்குகின்றனர். இவ்வாறான வியாபாரத்தைத் தொடங்க விரும்பிக் கமநல சேவை நிலையத்தை நாடி வருவோர் தொகை பெருகி வருகின்றது. அவர்களுட் பெரும்பாலார் கேட்கும் முதற் கேள்வி, "இணையத்தளம் அமைக்க எவ்வளவு செலவாகும்?" என்பதே. முதலிற் கேட்க வேண்டிய கேள்வி இதுவன்று. கேட்கவேண்டியது எது என்பதை விளக்குதலே இப்பிரசுரத்தின் நோக்கமாகும்.

தூளாக்கி விற்பதன் காரணம்

மிளகாய்ச் செய்கையாளர் யாவரும் அறிந்த உண்மை ஒன்றுண்டு. தோட்டத்திற் பழம் நிறைந்து வருங் காலத்திலேயே சந்தையில் விலை வீழ்கின்றது. சுன்னாகம், மருதனார்மடம், திருநெல்வேலி ஆகிய சந்தைகளுக்கு ஒரே நாளிற் பலரும் மூடைகளைக் கொண்டு சென்றால், விலையைத் தீர்மானிப்பவர் வாங்குபவரேயன்றி விற்பவரல்லர். பச்சையாக விற்பவர் அன்றைய விலைக்குக் கட்டுப்பட்டவர். செத்தலாக்கி வைத்திருப்பவர் சில மாதங்கள் பொறுத்திருக்கலாம். தூளாக்கிப் பொதிசெய்து விற்பவரோ விலையைத் தாமே குறிக்கலாம்.

ஆயினும் நன்கு பழுத்த 100 கிலோ மிளகாயை உலர்த்தினால் ஏறக்குறைய 25 கிலோ செத்தலே கிடைக்கும். மேலும், நம் நாட்டிற்கு வேண்டிய செத்தல் மிளகாயிற் பெரும்பகுதி இந்தியாவிலிருந்தே இறக்குமதியாகின்றது. அச்செத்தலில் அரைத்த தூளுடன் விலையிற் போட்டியிடுவது சிறு கமக்காரரால் இயலாத காரியம். ஆதலின், "மலிவானது" என்று சொல்லி விற்க நினைப்பவர் தொடக்கத்திலேயே தோல்வியைத் தேடிக்கொள்கின்றார். நம்மிடம் விற்றற்கு உள்ளவை மூன்று: பொருள் எங்கே விளைந்தது என்று சொல்லக்கூடிய நேர்மை, அண்மையில் அரைத்த புதுமணம், கலப்படமின்மை. இம்மூன்றையும் மதித்துச் சற்றுக் கூடிய விலை கொடுப்பவர் எவர், அவர் எங்கே இருக்கின்றார் என்பதே முதலிற் கேட்கவேண்டிய கேள்வியாகும்.

ஒரு குடும்பத்தின் அனுபவம்

2023 ஆம் ஆண்டு வலிகாமம் பகுதியில் நடந்த ஒரு நிகழ்ச்சியை இங்குக் கூறுதல் பொருத்தமாகும். செம்மண் தோட்டத்தில் நாலு பரப்பில் மிளகாய் செய்துவந்த ஒரு குடும்பத்தினர், நான் பேசிய ஒரு வகுப்பைக் கேட்டபின் தூள் வியாபாரந் தொடங்கத் துணிந்தனர். பெறுமதி சேர்த்து விற்றால் இலாபம் பெருகும் என்று அவ்வகுப்பில் நான் எடுத்துரைத்தேன். எவ்வளவு முதல் வேண்டும், எத்தனை நாளில் அது திரும்பும் என்பவற்றை நான் எடுத்துரைக்கவில்லை. அது என் பிழை.

வீட்டுக்காரி தம் இரண்டு காப்புகளையும் அடகு வைத்தார். அப்பணத்திற் பெரும்பகுதி ஓர் இணையத்தளத்தை அமைப்பதற்கும், வண்ணத்தில் அச்சிட்ட 2,000 பைகளுக்கும் செலவாயிற்று. இணையத்தளம் அழகாகவே இருந்தது. ஆனால் அப்படியொரு தளம் உண்டென்பதை அறிந்தவர் எவருமில்லை. இரண்டு மாதத்தில் அதன் மூலம் வந்த கட்டளைகள் நான்கு. அவற்றுள் மூன்று உறவினருடையவை. அச்சிட்ட பைகளிலே பொருட் சேர்மானமும் தொகுதி எண்ணும் குறிக்கப்படாமையால் அவற்றைக் கடைகளுக்குக் கொடுக்க முடியவில்லை. இதற்குமேல், அவசரத்திற் சூடு ஆறுமுன் தூளைப் பையிலிட்டு மூடியதனால் உள்ளே ஈரம் படிந்து, கொழும்புக்குச் சென்ற பொதிகளிலே தூள் கட்டிபட்டுவிட்டது. வாங்கியவர் அதனைப் படமெடுத்து முகநூலில் இட்டார். அப்படத்தைக் கண்டவர் தொகை, அதுவரை தூளை வாங்கியவர் தொகையிலும் பன்மடங்கு.

இங்கே குறைந்தது உழைப்பன்று. பொருளும் கெட்டதன்று, செத்தல் முதற்றரமானது. செய்யவேண்டியவற்றை முன்பின் மாற்றிச் செய்தமையே பிழை. இறுதியிற் செய்யவேண்டிய செலவை முதலிலும், முதலிற் செய்யவேண்டிய சோதனையை இறுதியிலும் செய்தனர். பின்வரும் பகுதிகள் அக்குடும்பத்தினரும் நானும் சேர்ந்திருந்து கற்றுக்கொண்ட ஒழுங்கில் எழுதப்பட்டவை.

முதற்படி: சிறு அளவிற் சோதித்தல்

புதிய இனத்து விதை கிடைத்தால் எந்தக் கமக்காரரும் தோட்டம் முழுவதிலும் அதனை இடுவதில்லை. ஓரிரு பாத்தியில் இட்டுப் பார்க்கின்றார். வியாபாரமும் அவ்வாறே. முதலில் 5 கிலோ தூள் மட்டும் அரைத்துக்கொள்க. அதனைச் சிறு பொதிகளாக்கி, உறவினரல்லாத பத்துப் பன்னிரண்டு வீடுகளுக்குக் கொடுக்க. உறவினர் நம் முகத்துக்காக நல்லது என்பர். அவர் சொல் கணக்கில் வராது.

ஒரு கிழமை கழிந்தபின் மூன்று கேள்விகள் கேட்கப்படல் வேண்டும். இப்போது எந்தத் தூளை வாங்குகின்றீர்கள்? இத்தூளில் எது குறை? இதற்கு எவ்வளவு விலை கொடுப்பீர்கள்? மூன்றாங் கேள்விக்கு வாயாற் சொல்லும் விடையை முழுதும் நம்பற்க. அடுத்த பொதியை விலைக்குத் தந்து பார்த்தலே உண்மையான சோதனை. பன்னிருவருள் நால்வர் காசு கொடுத்து மறுமுறை வாங்குவாராயின் மேலே செல்லலாம். ஒருவரும் வாங்காவிடின், தூளைத் திருத்துக, விளம்பரத்தை நாடற்க.

சேர்மானத்தை ஒவ்வொரு தடவையும் நிறுத்து எழுதி வைத்தல் மிக முக்கியமாகும். செத்தல், மல்லி, மிளகு, நற்சீரகம், பெருஞ்சீரகம், வெந்தயம், மஞ்சள், கறிவேப்பிலை என்பன ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வோர் அளவிற் சேர்க்கப்படுகின்றன. கைக்கணக்கில் அள்ளிப் போடுதல் வீட்டுச் சமையலுக்குப் போதும். விற்பனைக்கு அது பொருந்தாது. சென்ற மாதம் வாங்கிய சுவை இம்மாதமும் இருத்தல் வேண்டும் என்பதே வாடிக்கையாளர் எதிர்பார்ப்பு.

இரண்டாம் படி: பொருளைப் பழுதின்றி ஆக்குதல்

இணையவழி வாங்குபவர் பொருளை முகர்ந்தோ தொட்டோ பார்ப்பதில்லை. நம் சொல்லை நம்பியே பணம் அனுப்புகின்றார். ஆகையாற் சந்தையில் விற்பவரைக் காட்டினும் இவர் கூடிய கவனம் எடுத்தல் வேண்டும்.

நிலத்தில் நேரே பரப்பி மிளகாயை உலர்த்தற்க. சுத்தமான பாய், படங்கு அல்லது உயர்த்திய தட்டிகளிற் பரப்பி, இரவிற் பனி படாமல் மூடி வைக்க. வசதியுள்ளோர் சூரிய உலர்த்தியை உபயோகிக்கலாம். ஈரப்பதன் ஏறக்குறைய நூற்றுக்கு 10 என்னும் அளவுக்கு இறங்கும்வரை உலர்த்தல் நன்று. ஈரமானியில்லாதோர் காயை எடுத்துக் குலுக்கிப் பார்க்க; உள்ளே விதை கலகலவென்று ஒலித்தல் வேண்டும். வெளிறிய காய்கள், புள்ளி விழுந்தவை, பூஞ்சணம் பிடித்தவை ஆகியவற்றைப் பொறுக்கி அகற்றுக. செத்தலிற் பிடிக்குஞ் சிலவகைப் பூஞ்சணங்கள் அப்லாரொட்சின் என்னும் நஞ்சை உண்டாக்குகின்றன. இந்நஞ்சு ஈரலைப் பாதிக்கும். வறுப்பதனால் முற்றாக அழிந்துவிடுவதுமில்லை. "வறுத்து அரைத்தால் எல்லாம் சரியாகிவிடும்" என்று எண்ணிக் கழித்த காய்களைச் சேர்ப்பவர் தம் வாடிக்கையாளருக்கு நஞ்சூட்டுகின்றார்.

நிறத்துக்காகச் சாயம் எதுவும் சேர்க்கலாகாது. அரைத்த தூளை அகன்ற பாத்திரத்திற் பரப்பி, முற்றாக ஆறியபின்னரே பொதிசெய்தல் வேண்டும். மெல்லிய பொலித்தீன் பைகள் மணத்தை அடக்கா. பல படையாலான தடித்த பைகளே ஏற்றவை. வெளிச்சம் பட்டால் தூளின் நிறம் மங்குமாதலின், பொதிகளை இருண்ட, உலர்ந்த இடத்தில் வைக்க.

மூன்றாம் படி: செலவுக் கணக்கு

கீழே காட்டப்பட்டிருப்பது ஓர் உதாரணக் கணக்கு. விலைகள் நாளுக்கு நாள் மாறுவன. கணக்கிடும் முறையைக் காட்டுதற்கே இத்தொகைகள் தரப்பட்டுள்ளன. உங்கள் ஊர் விலையை இட்டு நீங்களே கணக்கிட்டுக் கொள்க.

250 கிராம் கொண்ட 40 பொதிகளுக்கு (10 கிலோ தூள்):

செத்தல் மிளகாய் 5 கிலோ – ரூ. 6,000
மல்லியும் ஏனைய சரக்குகளும் – ரூ. 4,500
வறுத்தற்கு எரிபொருள், அரைகூலி – ரூ. 1,000
வீட்டார் உழைப்பு – ரூ. 3,000
பைகளும் சுட்டுத்துண்டுகளும் – ரூ. 1,400
தொலைபேசி, இணையக் கட்டணம் – ரூ. 600
மாதிரிப் பொதிகளும் சேதமும் – ரூ. 500
மொத்தம் – ரூ. 17,000

ஆகவே ஒரு பொதியின் அடக்கவிலை ரூ. 425 ஆகும். இங்கே இரண்டு விடயங்களை அவதானிக்க. முதலாவது, செத்தல் நம் தோட்டத்ததாயினும் அதற்குச் சந்தை விலை போடப்பட்டுள்ளது. சொந்தச் செத்தலுக்கு விலை போடாதவர், அதனைச் செத்தலாகவே விற்றால் வரக்கூடிய பணத்தை மறந்துவிட்டுப் பொய்யான இலாபத்தைக் காண்கின்றார். இரண்டாவது, வீட்டுப் பெண்களின் உழைப்புக்குக் கூலி போடப்பட்டுள்ளது. அடுப்படியில் நின்று வறுப்பவருக்குக் கூலியில்லை எனக் கணக்கெழுதும் வியாபாரம், உண்மையில் அவரது உடலிலிருந்தே இலாபம் எடுக்கின்றது.

பொதியை ரூ. 550 ஆக விற்றால் ரூ. 125 மிஞ்சும். இனி அனுப்புகூலியைப் பார்ப்போம். முதலாவது கிலோவுக்குக் கூரியர் கட்டணம் ரூ. 400 என்று கொள்க. ஒரு பொதியை மட்டும் வாங்குபவர் ரூ. 550 பெறுமதியான தூளுக்கு ரூ. 950 கொடுக்க நேரும். இதற்கு எவரும் இணங்கார். நான்கு பொதிகளை ஒன்றாக அனுப்பலாமெனின், தூளின் நிறை மட்டுமே ஒரு கிலோ. பைகளும் பெட்டியுஞ் சேர்ந்தால் ஒரு கிலோவைத் தாண்டி, அடுத்த கிலோவுக்குரிய கட்டணமும் வந்துவிடும். மூன்று பொதிகளாயின் ஒரு கிலோவுக்குள் அடங்கும். வாங்குபவர் ரூ. 2,050 செலுத்துவார், விற்பவருக்கு ரூ. 375 மிஞ்சும். ஆகவே மூன்று பொதிக் கட்டாக விற்பதே இவ்வுதாரணத்திற்குப் பொருந்தும். தராசு காட்டும் இச்சிறு வேறுபாட்டை அறியாது விலை குறித்தவர்கள், ஒவ்வொரு கட்டளையிலும் தம் இலாபத்தைக் கூரியருக்கே கொடுத்து வந்தனர்.

பணம் பெறும் முறை

வாடிக்கையாளர் பலரும் பொருள் கைக்கு வந்தபின் பணம் செலுத்தவே விரும்புவர். அறியாத ஒருவருக்கு முன்பணம் அனுப்ப அஞ்சுதல் இயற்கையே. ஆனால் இம்முறையில் விற்பவருக்கு இரண்டு இடர்கள் உண்டு. ஒன்று, சிலர் பொதியை ஏற்காது திருப்பிவிடுவர். 20 கட்டுகள் அனுப்பி 3 திரும்பி வந்தால், அம்மூன்றுக்குமுரிய அனுப்புகூலி ரூ. 1,200 விற்பவர் தலையில் விழும். 17 கட்டுகளில் மிஞ்சிய ரூ. 6,375 இலிருந்து அது கழிய, ரூ. 5,175 மட்டுமே எஞ்சும். மற்றையது, விற்ற பணம் கூரியர் நிலையத்தினூடாக வந்து சேர நாட்கள் செல்லும். அதற்கிடையில் அடுத்த தொகுதிக்குச் சரக்கு வாங்கவேண்டுமாதலின், இரு தொகுதிகளுக்குரிய முதல் கையிலிருத்தல் அவசியம்.

ஆகையால், முதன்முறை வாங்குபவருக்குப் பொதியை அனுப்புமுன் தொலைபேசியிற் பேசி உறுதிப்படுத்திக் கொள்க. மறுமுறை வாங்குபவரை வங்கிக் கணக்கிற்கு முற்கூட்டியே பணம் அனுப்புமாறு வேண்டுக. அதற்காகச் சிறு விலைக்கழிவு கொடுத்தாலும் நட்டமில்லை. நேரில் வாங்குவோர்க்கு லங்கா கியூஆர் குறி மூலம் பணம் பெறுதல் வசதியானது. பணம் அனுப்பியதாகக் காட்டும் படத்தை மட்டும் நம்பிப் பொருளை அனுப்பற்க. வங்கிக் கணக்கில் இருப்பைப் பார்த்தபின்னரே அனுப்புக. தொலைபேசிக்கு வரும் இரகசிய எண்ணை எவர் கேட்டாலும், வங்கியார் எனச் சொல்லிக் கேட்டாலும், கொடுத்தலாகாது.

நான்காம் படி: சட்டமும் சுட்டுத்துண்டும்

உணவுப்பொருளை விற்பவர் 1980 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்க உணவுச் சட்டத்துக்கு உட்பட்டவர். வீட்டில் அரைத்தாலும், இணையவழி விற்றாலும் இச்சட்டம் பொருந்தும். வியாபாரப் பெயரைப் பிரதேச செயலகத்திற் பதிவு செய்க. அரைக்கும் இடத்தைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்குக் காட்டி அவரது ஆலோசனையைப் பெறுக. பொதியின் மேல் பொருளின் பெயர், சேர்மானம், தேறிய நிறை, உற்பத்தித் திகதி, காலாவதித் திகதி, தொகுதி எண், விலை, உற்பத்தியாளர் பெயரும் முகவரியும் தெளிவாக இருத்தல் வேண்டும். எந்தெந்த மொழியில், எவ்வளவு பெரிய எழுத்தில் இவை அமைய வேண்டும் என்பதை அச்சிடுமுன்னரே பரிசோதகரிடங் கேட்டு அறிக. முதல் ஆறு மாதங்களுக்கு வெறும் பைகளில் ஒட்டுத்துண்டு ஒட்டி விற்றலே சிக்கனமானது. பிழையிருப்பின் ஒட்டுத்துண்டை மாற்றலாம். 2,000 பைகளை மாற்ற இயலாது.

நிறுக்குந் தராசு முத்திரையிடப்பட்டதாக இருக்கட்டும். இலங்கைக் கட்டளைகள் நிறுவனத்தின் அனுமதியின்றி அதன் சின்னத்தைப் பொதியிலோ விளம்பரத்திலோ இடற்க. "நீரிழிவைப் போக்கும்", "கொழுப்பைக் கரைக்கும்" என்பன போன்ற வாக்குறுதிகள் சட்டத்துக்கும் மனச்சாட்சிக்கும் மாறானவை. வாடிக்கையாளர் தந்த தொலைபேசி எண்ணையும் முகவரியையும் பிறருக்குக் கொடுத்தலாகாது. 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டம் தனிப்பட்ட தரவுகளின் பாதுகாப்புக்கென்றே இயற்றப்பட்டது.

ஐந்தாம் படி: வாடிக்கையாளரைத் தேடல்

இணையத்தளம் என்பது ஆளில்லாத தெருவிற் கட்டிய கடை போன்றது. அங்கே ஆட்களைக் கொண்டுவரும் வழி தெரிந்தபின்னரே அதனைக் கட்டுதல் வேண்டும். தொடக்கத்தில் ஒரு கைத்தொலைபேசி, வியாபாரத்துக்கென ஒரு தனி எண், அவ்வெண்ணில் ஒரு வாட்சப் கணக்கு, முகநூலில் ஒரு பக்கம் ஆகியவை போதும்.

படங்களைக் காலை வெளிச்சத்தில் எடுக்க. கடன் வாங்கிய அழகிய படங்களைக் காட்டினும், நம் தோட்டத்துச் செடி, பாயில் உலரும் மிளகாய், தராசில் நிற்கும் பொதி ஆகியவற்றின் உண்மையான படங்களே வாங்குபவர் மனத்திற் பதியும். ஒவ்வொரு பதிவிலும் விலை, நிறை, அனுப்புகூலி, எத்தனை நாளிற் சேரும் என்பவற்றை ஒளிக்காது எழுதுக. "விலைக்குத் தனியே கேளுங்கள்" என்று எழுதினால் பாதிப்பேர் கேளாமலே போய்விடுவர். தமிழில் மட்டுமன்றிச் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் விவரம் இருந்தால் சந்தை விரியும். ஆனால் மொழி தெரிந்த ஒருவரைக்கொண்டு சரிபார்த்தபின்னரே வெளியிடுக.

பணம் செலுத்தி விளம்பரம் செய்வோர் நாளொன்றுக்கு இவ்வளவே என்று எல்லை குறித்துக்கொள்ள வேண்டும். ரூ. 3,000 செலவிட்டதில் 60 பேர் விசாரித்து 6 பேர் வாங்கினால், ஒரு வாடிக்கையாளரைப் பெற ரூ. 500 செலவாயிற்று. முதற் கட்டில் மிஞ்சுவதோ ரூ. 375. அவர் ஒருமுறை மட்டுமே வாங்குவாராயின் இது நட்ட வியாபாரம். அவரே மூன்று முறை வாங்குவாராயின், ரூ. 1,125 இல் விளம்பரச் செலவு போக ரூ. 625 கைக்கு வரும். சரக்குத் தூள் வியாபாரத்தின் உயிர்நாடி இதிலேதான் உள்ளது. புதியவரைத் தேடுவது செலவு. பழையவரைப் பேணுவது இலாபம்.

இதற்குச் சாதாரண அப்பியாசக் கொப்பி ஒன்று போதும். பெயர், ஊர், வாங்கிய திகதி, அளவு, சொன்ன குறை என ஐந்து நிரல்கள் கீறுக. தூள் முடியுங் காலம் கணித்து, அவர் விருப்பத்தை முன்னரே கேட்டறிந்து, ஒரு செய்தி அனுப்புக. நாள்தோறும் செய்தி அனுப்பித் தொந்தரவு செய்பவரை அவர் தடுத்துவிடுவார். குறை சொன்னவரோடு வாதாடற்க. பழுதான பொதிக்கு மறுபொதி அனுப்புதல் ரூ. 825 நட்டம்போலத் தோன்றும். அனுப்பாதுவிட்டால் நேரும் நட்டத்தை மேலே கூறிய குடும்பத்தினர் நன்கறிவர்.

வெளிநாட்டிலுள்ள உறவினர் மூலம் ஏற்றுமதி செய்யலாம் என்று பலரும் ஆசைப்படுகின்றனர். ஒவ்வொரு நாட்டுக்கும் தனித்தனி உணவுச் சட்டங்கள் உண்டு. நம் நாட்டிலேயே மாதம் 100 பொதிகளைக் குறையின்றி விற்றுக் காட்டியபின் அதனை எண்ணுதல் தகும்.

மூன்று மாதத் திட்டம்

முதல் மாதம்: 5 கிலோ தூள்; மாதிரி கொடுத்தல்; சேர்மானத்தையும் அடக்கவிலையையும் எழுதி முடித்தல்; பரிசோதகரைக் காணல்.

இரண்டாம் மாதம்: 40 பொதிகள்; பதிவு; ஒட்டுத்துண்டு; முகநூற் பக்கம்; பணம் செலுத்தாத விளம்பரம் மட்டும்.

மூன்றாம் மாதம்: இரு தொகுதிகள், எல்லை குறித்த சிறு விளம்பரம், மாத முடிவில் மறுமுறை வாங்கியோர் தொகையை எண்ணுதல்.

மூன்றாம் மாத முடிவில் வாங்கியவருள் மூவரில் ஒருவராவது மறுமுறை வாங்கியிருப்பின் வியாபாரத்தை விரிவாக்கலாம். அவ்வாறன்றேல், போட்ட சிறு முதலோடு நிறுத்திவிடுதலில் வெட்கப்பட ஏதுமில்லை. செத்தலாகவே விற்பதும் நல்ல தொழிலே. இம்மூன்று மாதமும் கடன் வாங்காமலும் நகை அடகு வைக்காமலும் நடத்தக்கூடிய அளவிலேயே வியாபாரம் இருத்தல் வேண்டும் என்பதை மறவற்க.

முடிவுரை

முன்னர்க் கூறிய குடும்பத்தினர் 2024 ஆம் ஆண்டு இம்முறையில் மீண்டுந் தொடங்கினர். படத்தை முகநூலில் இட்ட கொழும்பு வாடிக்கையாளருக்கு முதலில் மன்னிப்புக் கேட்டு மறுபொதி அனுப்பினர். அவர் பழைய படத்தை நீக்கிவிட்டு, தாமே நான்கு வீடுகளுக்கு எடுத்துரைத்தார். இன்று அவர்களது வியாபாரம் பெரிதன்று. மாதத்திற் சில தொகுதிகள் அரைக்கின்றனர். கொப்பியில் ஒவ்வொரு சதத்துக்கும் கணக்கிருக்கின்றது. அடகிலிருந்த காப்புகளுள் ஒன்று வீட்டுக்கு மீண்டுவிட்டது. மற்றையது இன்னும் வங்கியிலேயே உள்ளது. அச்சிட்ட பைகளில் எஞ்சியவை பரண்மேல் கிடக்கின்றன. தொடங்க விரும்பி என்னிடம் வருவோரை இப்போது முதலில் அவ்வீட்டுக்கே அனுப்புகின்றேன். வீட்டுக்காரி அவர்களுக்கு முதலிற் பைகளைக் காட்டுகின்றார். பின்னர்க் கொப்பியைக் காட்டுகின்றார்.

வியாபாரந் தொடங்க எண்ணுங் கமக்காரர், தாம் எழுதிய அடக்கவிலைக் கணக்குடன் தம் பகுதிக் கமநல சேவை நிலையத்திலுள்ள விவசாயப் போதனாசிரியரைக் காண்க. கணக்குப் பிழையாக இருப்பினும் பாதகமில்லை, இருந்து திருத்திக்கொள்ளலாம். பணத்தைச் செலவிட்டபின் வருவதிலும், பென்சிலாற் கணக்கெழுதிய அன்றே வருதல் நன்று.